கட்டைக்குக் கண்ணாடிப் பேழை, கைக்கு என்ன?

அரைச் சாண் நீளம். சுண்டு விரலினும் மெலிந்த உடல். தலைப்பக்கம் நூல் சுற்றுவதற்கு ஒரு கழுத்து. அடியில் பித்தளைக் கம்பியில் கோத்த சில கண்ணாடி மணிகள். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுஷயர், பக்கிங்காம்ஷயர், நார்தாம்ப்டன்ஷயர் நாட்டுப்புறங்களில் ஏழைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக லேஸ் பின்னுவதற்குக் கையாண்ட கருவி இது. பாபின் என்பது இதன் பெயர். நம் வீட்டுத் தையல் இயந்திரத்தில் அடிநூலைத் தாங்கும் சிறு சக்கரத்துக்கும் இதே பெயர் வழங்குகிறது. எனினும் இது வேறு பொருள். ஆகவே இங்கே இதனை நூற்கட்டை என்றே அழைப்போம்.

இந்த நூற்கட்டைக்கு இன்று பெருமதிப்பு வந்திருக்கிறது. இதனைத் தேடித் தேடிச் சேர்ப்போர் இருக்கின்றனர். ஏலத்தில் போட்டியிட்டு வாங்குவோர் இருக்கின்றனர். மரம் எது, மணி எக்காலத்தது, கடைந்த கைத்திறன் எவருடையது என்றெல்லாம் ஆராய்ந்து நூல்கள் எழுதப்பட்டுள்ளன. அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் வரிசை வரிசையாக அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் நன்றே. ஆனால், பேழையின் முன் நின்று வியப்பவர் ஒரு கேள்வியைக் கேட்பது அரிது: இந்தக் கட்டையைப் பற்றியிருந்த கைக்கு என்ன கூலி கிடைத்தது?

கருவியைப் போற்றிக் கையை மறக்கும் இந்தப் பழக்கத்தை எதிர்த்தே இதனை எழுதுகிறேன். இது எங்கோ இருக்கும் சேகரிப்பாளர்களின் பழக்கம் மட்டுமன்று. அந்த லேசைப் பீடத்தில் விரித்தவர்கள் நாம். ஆயர்களின் வெள்ளங்கிகளில் முழங்கால் அளவு தைத்து அழகு பார்த்தவர்கள் நாம். மடங்களில் ஏழைச் சிறுமியருக்கு அதனைக் கற்பித்து, அந்தப் புண்ணியத்தை இன்றளவும் பேசி மகிழ்பவர்களும் நாமே. எனவே இந்தக் கணக்கில் கத்தோலிக்கராகிய நமக்கும் ஒரு பக்கம் உண்டு.

கட்டையின் அழகு

முதலில் கட்டைக்கு உரிய புகழைக் குறைவின்றித் தந்துவிடுவோம். பிளம், செர்ரி, ஆப்பிள் போன்ற பழமரங்களின் தண்டு இதற்கு ஏற்றது. நுண்ணிய இழையும் உறுதியும் கொண்டது. கடைசல் பட்டறையில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் தொட்டுத் தொட்டு உருவாக்குவார்கள். மாட்டெலும்பைச் சுத்தம் செய்து கடைந்தவையும் உண்டு. மரக்கட்டையைச் சுற்றி வெள்ளீயக் கலவையைப் பட்டை பட்டையாகப் பதித்தால் அதற்குப் 'புலி' என்று பெயர். புள்ளி புள்ளியாகப் பதித்தால் 'சிறுத்தை'. கட்டையின் நடுவைக் குடைந்து, அதனுள் அதே வடிவில் மிகச் சிறிய கட்டை ஒன்றை அசையவிட்டால் 'தாயும் சேயும்'. அரைச் சாண் மரத்தில் இத்தனை கற்பனை!

அடியில் தொங்கும் மணிகளும் வெறும் அலங்காரத்துக்காக வந்தவை அல்ல. வைக்கோல் திணித்து இறுக்கிய ஒரு திண்டின் மேல், துளையிட்ட தோல்தாளை விரித்து, துளைதோறும் குண்டூசி குத்தி, அந்த ஊசிகளைச் சுற்றி நூலைக் கடத்தியும் முறுக்கியும் பின்னுவதே இந்த வேலை. கடத்தல், முறுக்கல் என்னும் இரண்டே அசைவுகள். அவற்றின் எண்ணற்ற சேர்க்கையே லேஸ். கட்டைகள் இரட்டை இரட்டையாகவே இயங்கும். எளிய கரைக்குச் சில இரட்டைகள் போதும். அகன்ற வேலைக்கு நூற்றுக்கணக்கான கட்டைகள் ஒரே நேரத்தில் திண்டின் மேல் கிடக்கும். அப்போது நூல் தளராமல் இழுத்துப் பிடிக்க எடை வேண்டும். கட்டை உருளாமல் கிடக்கத் தடை வேண்டும். இவ்விரண்டையும் மணிவளையம் செய்தது. டெவன் பகுதியின் ஹானிட்டன் லேசுக்கோ மணியில்லாத, நுனி கூர்ந்த, வழுவழுப்பான கட்டைகளே பயன்பட்டன; ஏனெனில், அங்கே கட்டையையே சிறு நூற்கண்ணிகளின் ஊடே நுழைத்து எடுக்கவேண்டும். பெல்ஜியம் நாட்டில் கட்டையின் அடிப்பகுதியே குமிழாகப் பருத்து எடையைத் தந்தது. வேலை எப்படியோ, கருவி அப்படி. கையின் தேவையிலிருந்தே கட்டையின் வடிவம் பிறந்தது என்பதை மனத்தில் கொள்வோம். கையை நீக்கிவிட்டுக் கட்டையைப் புரிந்துகொள்ள இயலாது.

எழுதப்பட்ட பெயரும் எழுதப்படாத பெயரும்

சேகரிப்போர் பெரிதும் விரும்புவது எழுத்துப் பொறித்த கட்டைகளையே. கூர்முனையால் புள்ளி புள்ளியாகத் துளைத்து, அதில் சிவப்பும் நீலமும் நிரப்பி, கட்டையைச் சுற்றிச் சுற்றி எழுதுவார்கள். காதலன் காதலிக்குக் கொடுத்த கட்டையில் திருமணம் பற்றிய குறும்பான கேள்வி இருக்கும். இறந்த தாய்தந்தையின் பெயரும் ஆண்டும் இருக்கும். விவிலியச் சொற்கள் இருக்கும். ஒரு பெண்ணின் திண்டின் மேல் கிடந்த கட்டைகளைப் படித்தால் அவளுடைய குடும்ப வரலாற்றையே படித்துவிடலாம் என்பார்கள். அது உண்மைதான், நெஞ்சைத் தொடுவதும்தான்.

ஆனால், எழுத்துப் பொறித்தவற்றுள்ளும் மிகுதியாகத் தேடப்படுபவை எவை தெரியுமா? தூக்குத் தண்டனைக் கட்டைகள். பெட்ஃபோர்டு சிறையின் முன் பொதுமக்கள் காணத் தூக்கிலிடப்பட்டவர்களின் பெயரையும் ஆண்டையும் பொறித்து நினைவுப்பொருளாக அவை விற்கப்பட்டன. தன் மனைவியைக் கொன்ற குற்றத்துக்காக 1860இல் தூக்கிலிடப்பட்ட ஜோசப் காசில் என்பவனின் பெயரும், 1868இல் தூக்கிலிடப்பட்ட வில்லியம் வோர்ஸ்லி என்பவனின் பெயரும் அவ்வாறு கட்டைகளில் நிலைத்துவிட்டன. அரியவை என்பதால் இன்று அவற்றுக்கு விலை அதிகம்.

இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போம். மனைவியைக் கொன்றவனின் பெயர் எலும்பில் பொறிக்கப்பட்டுப் பேழைக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. அந்தக் கட்டையைத் தன் பிள்ளைகளின் வயிற்றுக்காக நாள்தோறும் உருட்டிய பெண்ணின் பெயரோ எங்கும் இல்லை. அவள் பின்னிய லேஸ் எந்தப் பிரபுவின் கழுத்தை அலங்கரித்தது என்பது ஓவியத்தில் இருக்கலாம். எந்த ஆயரின் திருவுடையில் தைக்கப்பட்டது என்பது பேராலயக் கருவூலத்தின் பட்டியலில் இருக்கலாம். அணிந்தவருக்குப் பெயர் உண்டு. கொன்றவனுக்கும் பெயர் உண்டு. உழைத்தவளுக்கு மட்டும் பெயர் இல்லை.

மணிகளுக்குப் பின்னால்

ஐந்து, ஆறு வயதிலேயே சிறுமியர் லேஸ் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். சிறுவர்களும் சில இடங்களில் அனுப்பப்பட்டதுண்டு. பள்ளி என்பது பெயரளவில்தான். ஒரு குடிசையின் அறை அது. குத்தவேண்டிய ஊசிகளை எண்ணுவதற்கென்றே பாட்டுகள் இருந்தன. குழந்தைகள் ஒருமித்துப் பாடியவாறு ஊசி குத்தினர். அந்தப் பாட்டுகளையும் இன்று நாட்டுப்புற இலக்கியமாகச் சுவைக்கிறோம். ஆனால் அவை விளையாட்டுப் பாட்டுகள் அல்ல. கை தளராதிருக்க ஓட்டிய சாட்டைகள்.

குளிர்காலத்தில் அடுப்பு மூட்டமாட்டார்கள். புகைக்கரி வெண்ணிற நூலைக் கெடுத்துவிடும். அதற்குப் பதிலாக மண்சட்டியில் கனன்ற சாம்பலை இட்டுப் பாவாடையின் அருகே வைத்துக்கொண்டனர். இரவில் பல பெண்களுக்கு ஒரே மெழுகுவர்த்தி. அதனைச் சுற்றி நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவைகளை நிறுத்தி, ஒளியைக் குவித்து, ஒவ்வொருத்தியின் திண்டின் மேலும் ஒரு சிறு வட்ட வெளிச்சம் விழச் செய்தனர். அந்தக் குடுவைகளும் இப்போது சேகரிப்புப் பொருள்களே. அந்த வெளிச்சத்தில் மங்கிப்போன கண்களைச் சேகரிப்பார் இல்லை.

கூலி? நூலை விற்பவரும் லேசை வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே வணிகர். விலை அவர் வைத்ததே. பணத்துக்குப் பதிலாகத் தம் கடைச் சரக்கை அவர் விரும்பிய விலைக்கு ஏற்றிக் கொடுப்பதும் நடந்தது. இந்தக் கொடுமை முற்றியதால் 1779இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் லேஸ் தொழிலாளருக்குச் சரக்காகக் கூலி தருவதைத் தடுக்கத் தனிச் சட்டமே இயற்றவேண்டி வந்தது.

அதே 1779ஆம் ஆண்டில்தான் பக்கிங்காம்ஷயரின் ஓல்னி என்னும் சிற்றூரிலிருந்து ஒரு பாடல் தொகுப்பு வெளிவந்தது. அவ்வூரின் ஆங்கிலிக்கன் குருவாக இருந்த ஜான் நியூட்டனும் கவிஞர் வில்லியம் கூப்பரும் இயற்றியது. இறையருளை வியந்து நியூட்டன் எழுதிய பாடலை இன்று உலகெங்கும் கிறிஸ்தவர்கள், நம் கத்தோலிக்க இளைஞர்கள் உட்பட, கண்ணீர் மல்கப் பாடுகிறோம். அந்தப் பாடல் பிறந்த ஓல்னி ஒரு லேஸ் ஊர். 1780இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் கூப்பர், அந்தச் சிற்றூரில் ஏறத்தாழ 1200 லேஸ் தொழிலாளர்கள் இருப்பதையும் அவர்களுடைய வறுமையைத் தாம் நேரில் காண்பதையும் குறிப்பிட்டார். பாடல் உலகை வலம் வந்தது. அதனை முதன்முதல் கேட்ட மக்களின் பசி கடிதத்தோடு நின்றுவிட்டது.

பிறகு இயந்திரம் வந்தது. ஜான் ஹீத்கோட் என்பவர் 1808, 1809ஆம் ஆண்டுகளில் லேஸ் வலை நெய்யும் இயந்திரத்துக்கு உரிமம் பெற்றார். 1816இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் நுழைந்த கூட்டம் 55 இயந்திரங்களை நொறுக்கியது. அவரோ டெவனுக்குச் சென்று புதிய ஆலை தொடங்கினார். 1867ஆம் ஆண்டின் பட்டறைச் சட்டம் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வேலையில் அமர்த்துவதைத் தடுத்தது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் குழந்தைகளுக்கு உண்மையான பள்ளிகளைத் திறந்தது. குழந்தைகள் விடுபட்டனர், அதோடு மலிவான கையும் மறைந்தது, கையால் பின்னும் தொழிலும் மெல்ல அடங்கியது.

இருபதாம் நூற்றாண்டில் அது பொழுதுபோக்காக உயிர்த்தெழுந்தது. 1976இல் இங்கிலாந்தில் லேஸ் கலைஞர்களுக்கென ஒரு கழகமே அமைந்தது. அரச குடும்பத் திருமணம், குழந்தைப் பேறு, ஆண்டு நிறைவு என்று ஒவ்வொன்றுக்கும் புதிய நூற்கட்டைகள் கடையப்படுகின்றன. இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். பொழுதுபோக்காகப் பின்னுவோரிடம் 'இந்த லேசை விற்பீர்களா?' என்று கேட்டால் பெரும்பாலோர் சிரிக்கின்றனர். செலவிட்ட மணிக்கெல்லாம் கூலி போட்டால் அதை வாங்க ஆள் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று நேர்மையாகக் கூலி போட்டால் விற்க முடியாத பொருள், அன்று எப்படி விற்றது? கூலி போடாததால் விற்றது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்கிறோம். இந்தப் பெண்கள் கணக்கே பார்க்கவிடப்படவில்லை. கைலேசின் வரலாறு முழுவதையும் திறக்கும் திறவுகோல் இந்த ஒரு கேள்விதான்.

திருச்சபையின் இரண்டு முகங்கள்

'மடங்கள் லேஸ் கற்பித்ததால் எத்தனை குடும்பங்கள் பிழைத்தன!' என்று நம்மவர்கள் சொல்வர். இதை மறுப்பதற்கில்லை. லேஸ் தொழிலாளரின் பாதுகாவலராக வணங்கப்படும் புனித ஜான் பிரான்சிஸ் ரேஜிஸ் நம் திருச்சபையின் பெருமைக்குரிய மகன். 1597இல் பிறந்த இந்த இயேசு சபைக் குரு, பிரான்சின் தென்மலை நாட்டில் ஏழைகளிடையே உழைத்து 1640 டிசம்பர் 31 அன்று லா லூவெஸ்க் என்னும் ஊரில் உயிர் நீத்தார். லே புய் நகரத்துப் பெண்கள் லேஸ் பின்னியே உண்டனர். யார் பிரபு, யார் பாமரர் என்று தெரியாதபடி எல்லாரும் லேஸ் அணிகின்றனரே என்று சினந்து, துலூஸ் நீதிமன்றம் அதை அணிவதற்குத் தடை விதித்தது. பிழைப்பை இழந்து அழுத பெண்களுக்கு ரேஜிஸ் அடிகளார் ஆறுதல் கூறியதோடு நில்லாமல், அவர்களுக்காகப் பரிந்து பேசித் தடையை நீக்கச் செய்தார் என்று மரபு கூறுகிறது. அவர் லேசின் அழகுக்காகப் பேசவில்லை. கலை அழிகிறதே என்றும் கலங்கவில்லை. அந்தப் பெண்களின் கஞ்சிக்கலயத்துக்காகப் பேசினார்.

மற்றொருவர் நமக்கு இன்னும் நெருக்கமானவர்: குழந்தை இயேசுவின் புனித தெரசாளின் தாய், புனித செலி மார்ட்டின். அவர் செய்தது ஊசியால் தைக்கும் அலான்சோன் லேஸ். அதில் நூற்கட்டைக்கு இடமில்லை. ஆயினும் நம் கேள்விக்கு அவர் வாழ்வில் விடை இருக்கிறது. 1853இல் தொழில் தொடங்கிய அவர், வீட்டிலிருந்தே வேலை செய்த பெண்களை வியாழக்கிழமைதோறும் வரவேற்று, வேலையைப் பெற்று, புதிய வேலையைக் கொடுத்தார். துண்டுகளை இணைக்கும் நுண்பணியைத் தாமே செய்தார். ஆர்டர் குவிந்தபோது தாமே அதற்கு அடிமையானதையும், குறைந்தபோது வேலையின்றிப் போகும் பெண்களை எண்ணி மனம் நொந்ததையும் அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. கூலி கொடுப்பவராக இருந்தும், பின்னும் கையின் வலியைத் தம் கையில் அறிந்தவர் அவர். திருச்சபை 2015 அக்டோபர் 18 அன்று அவரையும் அவர் கணவர் லூயியையும் புனிதர்களாக அறிவித்தபோது, ஒரு லேஸ்காரியைப் பீடத்துக்கு உயர்த்தியது. அவருடைய லேஸ் பீடமேறியதை விட அவரே பீடமேறியது அன்றோ பெருமை?

இது நம் ஒளிமிக்க முகம். மறுமுகத்தையும் மறைக்கக் கூடாது. 1717இல் புரூஜ் நகரில் அப்போஸ்தலின் கன்னியர் ஏழைச் சிறுமியருக்கு லேஸ் கற்பிக்கத் தொடங்கினர். ஃபிளாண்டர்ஸ் முழுவதும் மடங்கள்தோறும் லேஸ் பள்ளிகள் எழுந்தன. அவற்றின் நோக்கம் இரக்கமே. ஆனால், 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பள்ளிகளில் சிறுமியர் நாளெல்லாம் குனிந்திருந்ததும், கல்வி சிறிதாகவும் வேலை பெரிதாகவும் இருந்ததும், கூலி மிகக் குறைந்ததும் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. பெல்ஜியத்தில் கட்டாயக் கல்விச் சட்டம் 1914இல்தான் வந்தது. அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1891இல், பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளர் பற்றிய தம் சுற்றுமடலில், உடலும் உள்ளமும் முதிராத குழந்தைகளைப் பட்டறைகளில் இடலாகாது என்றும், இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதனாலேயே ஒரு கூலி நீதியான கூலி ஆகிவிடாது என்றும் கற்பித்துவிட்டார். உரோமையில் எழுதிய மடல் மடத்துத் திண்டுகளைச் சென்றடைய நெடுங்காலம் ஆயிற்று.

நம் மண்ணிலும்

இந்த நூற்கட்டைகள் கடல் கடந்து நம் தென்கோடிக்கும் வந்தன. 1819இல் நாகர்கோயிலுக்கு வந்த இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்ட்டின் துணைவியார் மார்த்தா அம்மையார், அங்கே ஒடுக்கப்பட்ட சிறுமியருக்குத் திண்டு லேசைக் கற்பித்தார். அவர் மகள் எலிசா, கால்டுவெல் ஐயரை 1844இல் மணந்து இடையன்குடிக்குச் சென்றபோது அந்தத் தொழிலும் உடன் சென்றது. அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் லேஸ் வருவாயைச் சேர்த்துத் தம் விடுதலையை விலை கொடுத்துப் பெற்றனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது 1855இல். நம் கத்தோலிக்கப் பக்கத்தில், பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்சில் பிறந்த அன்னை லூயி டி மீஸ்டர் 1897இல் முளகுமூட்டுக்கு வந்தார். ஆதரவற்ற சிறுமியரையும் கைம்பெண்களையும் சேர்த்துக் காத்த அவருடைய சபை, தன் நாட்டின் லேசையும் அங்கே பயிற்றுவித்தது.

கூலி என்றால் என்ன என்பதற்கு அந்த நாகர்கோயில் பெண்களைக் காட்டிலும் பெரிய சான்று வேண்டுமா? இரக்கம் ஒரு வேளைக்குச் சோறிடும். கூலி ஒரு மனுஷியைத் தனக்கே உரியவள் ஆக்கும். ஆகவே, லேஸ் கொடுத்த விடுதலையைப் பாராட்டும் நாம், கூலி கொடாத லேசையும் அதே மூச்சில் பாராட்ட முடியாது.

மூன்று மறுப்புகள்

'சேகரிப்பவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கட்டைகள் அடுப்பில் எரிந்திருக்குமே!' என்பது முதல் மறுப்பு. உண்மை, எரிந்தவை பல. காப்பாற்றியவர்களுக்கு நன்றி. நான் சேகரிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. சேகரிப்பை முழுமையாக்கச் சொல்கிறேன். நாம் திருப்பண்டங்களை வணங்கும் மரபினர். புனிதரின் எலும்பையோ ஆடையையோ எதற்காக முத்தமிடுகிறோம்? அந்தப் பொருளுக்காக அன்று. அதனோடு சேர்ந்திருந்த வாழ்வுக்காக. வாழ்வை மறந்துவிட்டால் திருப்பண்டமும் வெறும் பண்டமே. நூற்கட்டையும் அப்படித்தான்.

'அழகை நாணயத்தால் அளக்கலாமா? கடவுளுக்குச் செய்த பணிக்குக் கூலிக் கணக்கா?' என்பது இரண்டாவது. இது பக்தி உடுத்தி வரும் வாதம். ஆகையால்தான் அதிக ஆபத்தானது. பின்னிய பெண் கடவுளுக்குக் காணிக்கை தந்தாள் என்றால், அதைத் தரும் உரிமை அவளுக்கே உண்டு. அவளுடைய கூலியைக் குறைத்து அவள் பெயரால் காணிக்கை வைக்கும் உரிமை நமக்கு இல்லை. வேலையாட்களின் கூலியைப் பிடித்துவைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும், அது படைகளின் ஆண்டவருடைய செவிக்கு எட்டும் என்று யாக்கோபின் திருமுகம் எச்சரிக்கிறது. அந்தக் கூக்குரல் பீட விரிப்பின் ஓரத்திலிருந்து எழும்பினால், அதன் மேல் நாம் ஒப்புக்கொடுக்கும் பலியை எங்ஙனம் அமைதியாக ஒப்புக்கொடுப்போம்?

'சங்கத்துக்குப் பின் இந்த லேசெல்லாம் எதற்கு? அகற்றிவிட்டால் தீர்ந்தது' என்பது மூன்றாவது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தந்த திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, வெறும் பகட்டைவிட மேன்மையான அழகையே நாடவேண்டும் என்று பணித்தது. திருவுடைகளுக்கும் அது பொருந்தும் என்றது. ஆனால் நாம் செய்தது என்ன? கையால் பின்னியதைப் பகட்டு என்று பெட்டிக்குள் பூட்டிவிட்டு, ஆலையில் மீட்டர் கணக்கில் வரும் செயற்கை இழை லேசை மலிவு விலைக்கு வாங்கி, பீடத்தின் நான்கு பக்கமும் தொங்கவிடுகிறோம். பகட்டு போகவில்லை, அதற்குக் கொடுத்த விலைதான் போயிற்று.

பெயரும் கூலியும்

தோபித்து நூலில் ஓர் அருமையான காட்சி உண்டு. கணவர் பார்வை இழந்தபின் அன்னா பிறருக்கு நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காக்கிறாள். ஒருநாள் வேலை கொடுத்தவர்கள் அவளுக்கு முழுக் கூலியையும் கொடுத்து, மேலும் ஓர் ஆட்டுக்குட்டியையும் அன்பளிப்பாகத் தருகிறார்கள். நேர்மையாளர் தோபித்து அதை நம்பவில்லை. திருடியதாக இருக்குமோ என்று ஐயுற்றுத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். நேர்மையாளரும்கூட, ஓர் உழைக்கும் பெண்ணுக்குக் கூலிக்கு மேலும் ஒன்று கிடைக்கும் என்பதை நம்பமாட்டாத உலகம் அது. ஆனால், விவிலியம் அவள் பெயரையும் எழுதியது, அவள் பெற்ற கூலியையும் எழுதியது, ஆட்டுக்குட்டியையும் எழுதியது. ஒரு சேகரிப்புக்கு இதைவிட நல்ல குறிப்பு அட்டை வேண்டுமா?

1981இல் இரண்டாம் ஜான் பால் திருத்தந்தை மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், எளிய கருவி முதல் புதிய இயந்திரம் வரை அனைத்தும் மனித உழைப்பின் கனிகளே என்றும், ஆகவே கருவிகளைவிட உழைக்கும் மனிதரே முதன்மையானவர் என்றும் கற்பித்தார். அரைச் சாண் நூற்கட்டைக்கும் இது பொருந்தும்.

ஆகவே, நான் கேட்பவை மூன்றே. முதலாவது, நம் மடங்களும் பங்குகளும் யூபிலி கண்காட்சிகளில் பழைய லேசையும் நூற்கட்டைகளையும் வைக்கும்போது, அவற்றைப் பின்னியவர்களின் பெயர்களையும் அவர்கள் பெற்ற கூலியையும் பழைய கணக்கேடுகளில் தேடி எடுத்து அருகே எழுதிவைக்கட்டும். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்றே எழுதட்டும். அதுவும் ஒரு சாட்சியமே. இரண்டாவது, கைவேலை எதையும் வாங்கும்போது 'என்ன விலை?' என்பதற்கு முன் 'எத்தனை நாள் வேலை?' என்று கேட்போம். அந்த நாள்களுக்குரிய கூலியைக் கொடுக்க இயலாவிட்டால், லேஸ் இல்லாத வெள்ளைத் துணியை விரிப்போம். ஆண்டவருக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. மூன்றாவது, நம் கோவில்களில் குழல்விளக்குக்கும் மின்விசிறிக்கும் 'உபயம்' என்று பெயர் எழுதுகிறோம். வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு எழுதுகிறோம். பணம் கொடுத்தவரின் பெயருக்கு இவ்வளவு இடம் இருக்கும்போது, பீட விரிப்பின் மடிப்பில் அதைப் பின்னியவளின் பெயரைச் சிறு எழுத்தில் தைத்துவைக்க ஓர் அங்குல இடம் கிடைக்காதா?

தூக்கில் தொங்கியவனின் பெயரை எலும்பில் பொறித்து வைத்தது உலகம். பின்னியவளின் பெயரைத் துணியில் பொறிக்கவேண்டியது நாம். கட்டைகள் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றி இனிக் கவலை இல்லை. கையைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவோம்.